நியூயார்க் ஸ்லைஸ் பீட்சா கடைகள்: ரிவ்யூ படித்துக் குழம்பியவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூயார்க் போகப்போகிறவர்கள், போய் இறங்கியவர்கள், பிள்ளை வீட்டில் மூன்று மாதம் தங்கவந்த பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. பீட்சாவைப் பற்றிய கேள்விகள் போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் பாதிக்கு மேல், பீட்சாவைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததைப் பற்றிய கேள்விகள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பதினோரு வருடம் குடியிருந்து, மதியச் சாப்பாட்டில் பாதியை நின்றபடியே முடித்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

ஸ்லைஸ் கடை என்றால் என்ன? பீட்சா ரெஸ்டாரன்ட் வேறா?

வேறு. முழு பீட்சா வாங்காமல் ஒரே ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடலாம் என்பதுதான் ஸ்லைஸ் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஐந்தாறு வகை வரிசையாக இருக்கும். கை காட்டினால் அதை எடுத்து ஓவனுக்குள் தள்ளி, இரண்டு நிமிடத்தில் காகிதத் தட்டில் வைத்துத் தருவார்கள். முழு வட்டத்துக்கு அங்கே 'பை' என்று பெயர். வழக்கமாக 18 அங்குலம், எட்டுத் துண்டு. ஓரமாக நாலு ஸ்டூல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவின் முதல் பீட்சா கடை என்று பொதுவாகச் சொல்லப்படும் லொம்பார்டிஸ், மன்ஹாட்டனின் ஸ்ப்ரிங் தெருவில் 1905-இல் வந்தது. அது நிலக்கரி ஓவன் கடை. 1929-இல் தொடங்கிய ப்ளீக்கர் தெரு ஜான்ஸும் அப்படித்தான். அங்கே இன்றும் ஸ்லைஸ் கிடையாது, முழுசாகத்தான் வாங்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எரிவாயுவில் எரியும் தட்டையான அடுக்கு ஓவன்கள் பரவின. நிலக்கரியை விட விலை குறைவு, ஓட்டுவதும் எளிது, சூடும் குறைவு. மூலைக்கு மூலை ஸ்லைஸ் கடை முளைத்தது அதற்கப்புறம்தான். இந்த 'சூடு குறைவு' என்பதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரே கடைக்கு ஒருவர் 5 ஸ்டார் போட்டு உருகுகிறார், அடுத்தவர் 1 ஸ்டார் போட்டு 'அட்டையைத் தின்பது போல இருந்தது' என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒரே கடையில் இரண்டு வெவ்வேறு பொருளைச் சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நானே செய்த வேலையைச் சொல்கிறேன். வேலை முடிந்து ரயில் மாறும் இடத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம். இரவு ஒன்றேகால் மணிக்கு உள்ளே நுழைந்தேன். கண்ணாடிக்குள் மிச்சம் இருந்தது காளான் போட்ட ஒரு துண்டும், சாதா ஒரு துண்டும். சாதாவைக் கேட்டேன். ஓரம் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, சீஸ் ஒரே தோலாக உரிந்து முதல் கடியிலேயே மொத்தமாக வாயோடு வந்துவிட்டது. சிவப்புச் சாஸ் மட்டும் பூசின ரொட்டி கையில். ரயிலில் உட்கார்ந்தபடியே 1 ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினேன். எழுதும்போது ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, மழைக்கு ஒதுங்கி அதே கடைக்குள் போகவேண்டி வந்தது. பகல் பன்னிரண்டரை. அப்போதுதான் ஒரு பை வெளியே வந்து, வட்டக் கத்தி அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாகத்தில் கருப்புப் புள்ளி புள்ளியாகத் தீய்ந்த தடம். கடித்தபோது அப்பளம் உடைகிற சத்தம், உள்ளே மெத்து. சீஸில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்த் துளிகள் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தன. அதே ஓவன், அதே மாவு, ஏன், அதே ஆள்தான். என் பழைய நாலு வரியை அழித்துவிட்டேன்.

கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்த தோசையையும் அரை மணி நேரம் மூடி வைத்த தோசையையும் வைத்து ஒரே ஓட்டலுக்கு மார்க் போட்டால் எப்படி இருக்கும்? ஸ்லைஸ் கடை ரிவ்யூவும் அதே கதை. எழுதினவர் எத்தனை மணிக்குப் போனார், எந்தத் துண்டை வாங்கினார் என்று தேடுங்கள். அந்த இரண்டும் இல்லாத ரிவ்யூவைத் தாண்டிப் போய்விடலாம்.

'பழைய பீட்சாவைச் சூடுபண்ணிக் கொடுக்கிறார்கள்' என்று நிறையப் பேர் திட்டுகிறார்களே?

ஊருக்குப் புதியவர்கள் எழுதுவது அது. சூடுபண்ணித் தருவது ஏமாற்று வேலை கிடையாது, அந்தப் பண்டத்தின் பாதிச் செய்முறையே அதுதான். நியூயார்க் ஸ்லைஸ் இரண்டு முறை வேகவேண்டும் என்று கணக்குப் பண்ணி உருவான பொருள்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் பாணி பீட்சா 450 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஒன்று ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். மேலே ஈரமான புது மொசரெல்லா சீஸ். உடனே சாப்பிட அருமை, ஆறினால் நனைந்த துணி. ஸ்லைஸ் கடை எரிவாயு ஓவன் ஏறக்குறைய 260 முதல் 290 டிகிரி. பை அங்கே பத்து நிமிடம் வரை கிடக்கும். மாவில் ஈரம் வற்றி, அடிப்பாகம் விறைத்து நிற்கும். சீஸும் ஈரம் குறைந்த மொசரெல்லா. இரண்டாம் முறை உருகினாலும் தண்ணீர் விடாது. இரண்டாவது முறை உள்ளே போகும்போது அடி மொறுமொறுப்பு கூடும். சூடாக வந்த புதுத் துண்டை விட, ஒரு மணி நேரம் ஆறிச் சூடான துண்டுதான் ஒசத்தி என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை, ஆனால் அவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

புகாருக்கு இடமிருப்பது இரண்டே இடத்தில். ஒன்று, பல மணி நேரம் கிடந்த துண்டு. இரண்டு, அரைகுறையாகச் சூடாக்கி, மேலே கொதிக்க நடுவே ஜில்லென்று தருவது. இரண்டாவதுக்கு வழி இருக்கிறது: 'வெல் டன்' என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு நிமிடம் உள்ளே விடுவார்கள்.

வாங்குமுன் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். கண்ணாடிக்குள் எந்த வகை வேகமாகக் குறைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சாதாத் துண்டுதான் அதிகம் போகும், அதனால் அதுதான் அதிகம் புதிதாக வரும். கோழி, அன்னாசி, மக்ரோனி என்று மலையாகக் குவித்த துண்டுகள் பார்க்க ஜோர், ஆனால் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கும். துண்டின் வெட்டு ஓரம் காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் விட்டுவிடுங்கள். முன்னால் நிற்பவர் தட்டை வாங்கும்போது துண்டின் அடிப்பக்கத்தை எட்டிப் பாருங்கள். வெளுத்து, மாவு படிந்திருந்தால் அன்றைக்கு ஓவன் சரியாகச் சூடேறவில்லை.

சாதாத் துண்டு நன்றாக இல்லாத கடையில் வேறு எதுவும் நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

'எண்ணெய் வடிகிறது' என்பது குற்றமா, பாராட்டா?

எழுதுகிறவரைப் பொறுத்தது. முழுக் கொழுப்புச் சீஸ் சூட்டில் எண்ணெய் விடும். காகிதத் தட்டில் கண்ணாடி போலத் தெரியும் வட்டக் கறை விழுந்தால் அது சாதாரணம். குட்டையாகத் தேங்கினால் அதிகம். பக்கத்திலேயே டிஷ்யூ அடுக்கிவைத்திருப்பார்கள். மேலே ஒற்றி எடுப்பதை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பெப்பரோனி என்ற வட்ட இறைச்சித் துண்டுகளில் சின்னக் கிண்ணம் மாதிரிச் சுருண்டு ஓரம் கருகும் வகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கிண்ணத்திலும் எண்ணெய் நிற்கும். ப்ரின்ஸ் தெருவில் 2012-இல் தொடங்கிய ப்ரின்ஸ் ஸ்ட்ரீட் பீட்சாவின் சதுரத் துண்டுக்குக் கூட்டம் நிற்பது அதற்காகத்தான். எண்ணெய் பிடிக்காதவர் அதை வாங்கிவிட்டு 2 ஸ்டார் போடுவது, மிளகாய் பஜ்ஜி காரமாக இருக்கிறது என்பதற்குச் சமம்.

துண்டின் நுனி தொங்கிவிடுகிறது, கையில் பிடிக்கவே முடியவில்லை. மாவு சரியில்லையா?

மடிக்காமல் பிடித்திருப்பீர்கள். பின்னோரத்தை நடுவில் விரலால் அழுத்தி, நீளவாக்கில் லேசாக மடியுங்கள். நுனி தானாக விறைக்கும். இதற்குப் பின்னால் கணித மேதை காஸ் 1820-களில் நிறுவிய தேற்றம் ஒன்று இருக்கிறது: தட்டையான ஒரு பரப்பை இழுக்காமல் சுருக்காமல் ஒரு திசையில் வளைத்துவிட்டால், அதன் குறுக்குத் திசையில் அது வளையாது. ஒரு தாளின் ஓரத்தை விரலிடுக்கில் லேசாகக் குழித்துப் பிடித்துப் பாருங்கள், மறுமுனை தொங்காது. மடித்த பிறகும் நுனி தொங்கினால், அப்போது மாவைக் குறை சொல்லலாம்.

முள்கரண்டியும் கத்தியுமாகச் சாப்பிடலாமா என்றால், சட்டப்படி தடையில்லை. 2014 ஜனவரியில், மேயராகப் பதவியேற்ற சில நாட்களிலேயே பில் டி ப்ளாசியோ ஸ்டேட்டன் தீவில் ஒரு கடையில் அப்படிச் சாப்பிட்டார். ஊரே சிரித்து, பத்திரிகைகளில் பல நாள் ஓடியது.

கவுன்டரில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'நெக்ஸ்ட்' என்கிறார். மரியாதை இல்லாத கடை என்று எழுதியிருக்கிறார்கள்.

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அங்கே மரியாதை என்றால் வேகம். உங்களுக்குப் பின்னால் பதினைந்து பேர், அவர்களில் பாதிப்பேருக்கு இருபது நிமிடத்தில் திரும்ப அலுவலகம். முறை வருவதற்குள் என்ன வேண்டும் என்று முடிவுபண்ணி, ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். 'இது என்ன, அதில் என்ன போட்டிருக்கிறது, குழந்தைக்குக் காரம் இல்லாமல்...' என்று ஆரம்பித்தால் முறைப்பார்கள். மூன்று மணிக்குப் போங்கள், அதே ஆள் ஊர்க்கதை பேசுவார்.

காசைத் திருப்பித் தராதது, காசு வாங்கிக்கொண்டு துண்டை மறந்துவிடுவது, கேட்டால் எகிறுவது, இவை வேறு. அப்படிப்பட்ட புகார் ஒரு கடையில் வெவ்வேறு மாதங்களில் திரும்பத் திரும்ப வந்தால் நம்புங்கள்.

விலை விஷயத்தில் ரிவ்யூக்கள் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன?

தேதியைப் பாருங்கள். பாதிச் சண்டை அதில் தீர்ந்துவிடும். 'ஒரு டாலர்தான்!' என்று எழுதியது 2013-ஆக இருக்கும்.

இந்த ஊரில் ஸ்லைஸ் விலைக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. சாதாத் துண்டின் விலையும் சப்வே ரயில் கட்டணமும் கூடவே ஏறும் என்று 1980-இல் எரிக் பிராம் என்பவர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 1960-களின் தொடக்கத்திலிருந்தே இரண்டும் ஒட்டி ஒட்டி வந்திருந்தன. 'பீட்சா விதி' என்றே பெயர் வந்துவிட்டது. 2008-ஐ ஒட்டிய பொருளாதாரச் சரிவில் ஒரு டாலர் ஸ்லைஸ் கடைகள் பெருகி, இந்த விதியைக் கீழிருந்து உடைத்தன. ஆறாவது அவென்யூவில் 2012-இல் அடுத்தடுத்த கடைகள் போட்டி போட்டு 75 சென்ட் வரைக்கும் இறங்கின. கொரோனாவுக்குப் பிறகு மாவு, சீஸ், வாடகை எல்லாம் ஏறி, டாலர் கடைகளில் பல ஒன்றரை டாலருக்குப் போயின. 2023 ஆகஸ்டில் ரயில் கட்டணம் 2.90 டாலர் ஆனபோது, சாதாத் துண்டு பல கடைகளில் 3 டாலரைத் தாண்டியிருந்தது. விதி இப்போது மேலிருந்து உடைந்து கிடக்கிறது.

டாலர் கடைத் துண்டில் சீஸ் மெலிதாக இருக்கும், சாஸ் கொஞ்சம் இனிக்கும். ஆனால் கூட்டம் ஓயாததால் துண்டு எப்போதும் புதிது. நடுராத்திரியில் பசிக்கிற மாணவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஐந்து டாலர் துண்டோடு ஒப்பிட்டு அதற்கு ஸ்டாரைக் குறைப்பது அநியாயம்.

ஐந்து டாலர் என்றதும் டி ஃபாரா ஞாபகம் வருகிறது. ப்ரூக்ளினில் அவென்யூ ஜே. டொமினிக் டிமார்கோ 1960-களின் நடுவில் தொடங்கியது. 2022-இல் மறையும் வரை அந்தக் கடைக்கு முகமே அவர்தான். பல வருடம் ஒவ்வொரு பையையும் தானே செய்து, சூடாக வந்ததன்மேல் பேசில் இலையைக் கத்தரியால் வெட்டிப் போடுவார். 2009-இல் ஸ்லைஸ் விலையை 5 டாலர் ஆக்கியபோது ஊர் கொதித்தது. திட்டினவர்களே வரிசையிலும் நின்றார்கள்.

ஒரு மணி நேர வரிசை நிற்கும் கடைகளுக்குப் போவது தகுமா?

ஒருமுறை போகலாம். வில்லியம்ஸ்பர்க்கில் லிண்டஸ்ட்ரி, லோயர் ஈஸ்ட் சைடில் 2016-இல் வந்த ஸ்கார்ஸ், மேல் மேற்குப் பகுதியில் மாமாஸ் டூ. இந்தக் கடைகள் மாவை நீண்ட நேரம் புளிக்கவைத்து, பொருள்களைத் தேடித்தேடி வாங்குகின்றன. ஸ்கார்ஸ் கோதுமையைக் கடையிலேயே அரைக்கிறது. லிண்டஸ்ட்ரி துண்டின்மேல் வைக்கும் புரட்டா சீஸ், சூட்டுக்கு மேல் குளிர்ச்சியாக ஒரு கரண்டித் தயிர் விழுந்தது மாதிரி இருக்கும். வித்தியாசம் நாக்குக்குத் தெரியும்.

ஆனால் ஒரு மணி நேரம் கால் கடுக்க நின்றவர் எழுதும் ரிவ்யூவைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். நின்ற நேரத்தை நியாயப்படுத்த ஒரு ஸ்டார் கூடும், அல்லது அந்தக் கோபத்தில் இரண்டு குறையும்.

வரிசை இல்லாமல் பெயர் பெற்ற துண்டு வேண்டுமென்றால் 1975-இல் தொடங்கி, இப்போது கார்மைன் தெருவில் இருக்கும் ஜோஸ். அங்கேயும் கூட்டம் உண்டு, ஆனால் நகரும். 'சுற்றுலாக்காரர்கள் கடை' என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். கூட்டம் நகர்வதால்தான் அங்கே துண்டு எப்போதும் சூடு.

'ரேஸ்' பீட்சா பற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ரிவ்யூக்கள் வருகின்றனவே?

அவை சம்பந்தமில்லாத கடைகள். ரால்ஃப் குவோமோ என்பவர் 1959-இல் ப்ரின்ஸ் தெருவில் ரேஸ் என்ற கடையைத் திறந்தார். பிறகு வேறு வேறு ஆட்கள் 'ஒரிஜினல் ரேஸ்', 'ஃபேமஸ் ரேஸ்', 'ஃபேமஸ் ஒரிஜினல் ரேஸ்' என்று ஊரெங்கும் பலகை மாட்டினார்கள். நம்ம ஊர் அல்வாக் கடைப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. முதல் கடை 2011-இல் மூடியது; மேலே சொன்ன ப்ரின்ஸ் ஸ்ட்ரீட் பீட்சா வந்தது அந்த இடத்தில்தான். பெயரை விட்டுவிட்டு முகவரியை வைத்து ரிவ்யூ தேடுங்கள்.

நாங்கள் சைவம். 'வெஜிடேரியனுக்கு ஏற்ற கடை' என்று ரிவ்யூவில் இருந்தால் போதுமா?

உங்கள் சைவம் எவ்வளவு கறார் என்பதைப் பொறுத்தது. சாதாத் துண்டில் இறைச்சி கிடையாது. ஆனால் அதே வட்டக் கத்திதான் பெப்பரோனியையும் வெட்டுகிறது, அதே ஓவன் தளத்தில்தான் எல்லாம் வேகிறது. 'வோட்கா சாஸ்' துண்டில் சில கடைகள் பன்றி இறைச்சித் துணுக்கு சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பாலைத் திரிக்கும் ரென்னட். அமெரிக்க மொசரெல்லா பெரும்பாலும் விலங்கு ரென்னட் இல்லாமல் தயாராகிறது. ஆனால் மேலே தூவும் பெக்கரீனோ ரொமானோ சீஸ் ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்டில் செய்வது. இதைக் கவுன்டரில் கேட்டால் அவருக்கும் தெரிய வாய்ப்பில்லை. என் அம்மா வந்திருந்தபோது இதை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மீதி இரண்டு மாதமும் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீன் தோசைதான்.

நியூயார்க் தண்ணீரால்தான் அந்த ருசி என்கிறார்களே?

மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் மென்மையான தண்ணீர் என்பது உண்மை. ஆனால் புளிக்கவைக்கும் நேரமும் ஓவன் சூடும் செய்யும் வித்தியாசத்தின் முன்னால் தண்ணீர் பெரிதாக எடுபடாது. நல்ல தண்ணீர் வருகிற அதே ஊரில்தான் மோசமான ஸ்லைஸ்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஸ்டார் எண்ணிக்கையில் பொய் எவ்வளவு இருக்கும்?

இருக்கும், ஏனென்றால் பணம் இருக்கிறது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் என்ற ரிவ்யூ தளத்தில் ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் ஏறுகிறது என்று 2011-இல் எழுதினார். அதிலும் கிளைகள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்த விளைவு இல்லை, தனிக் கடைகளுக்குத்தான். ஸ்லைஸ் கடையோ தனிக் கடையிலும் தனிக் கடை. பொய் ரிவ்யூ வாங்குவதையும் விற்பதையும் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் விதி போட்டுத் தடை செய்தது. ஆனாலும் ஒரே வாரத்தில் பத்து 5 ஸ்டார், எல்லாம் 'அற்புதமான உணவு, அன்பான சேவை' என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்லைஸ் கடைக்கு 'அன்பான சேவை' என்று எழுதுகிறவர் அங்கே போயிருக்கவே வாய்ப்பில்லை.

வாசலில் மாட்டியிருக்கும் ஏ, பி, சி எழுத்து ருசிக்கானது இல்லை. நகரச் சுகாதாரத் துறை 2010-இலிருந்து தரும் சுத்தத்துக்கான மதிப்பெண் அது. தவறுகளுக்குப் புள்ளி கூடும்; 13 வரை ஏ, 27 வரை பி.

நானும் எழுதலாம் என்றிருக்கிறேன். எப்படி எழுதினால் அடுத்தவருக்கு உபயோகம்?

நான் இப்போதெல்லாம் இப்படி எழுதுகிறேன்: 'செவ்வாய், மாலை நாலரை. சாதா ஒன்று, 3.50 டாலர், சூடாக்கித் தந்தது. அடி மொறுமொறுப்பு, மடித்தால் நிற்கிறது. சாஸ் புளிப்பு, உப்பு சற்றுத் தூக்கல். சீஸ் தாராளம். மிளகாய்த் தூள் டப்பா காலி. மூன்று ஸ்டூல், ஒன்று ஆடுகிறது.' இவ்வளவுதான். இரண்டு முறை வேறு வேறு நேரத்தில் போய்விட்டு எழுதினால் இன்னும் நல்லது. 1 ஸ்டார் போடத் தோன்றினால் ரயிலில் இருந்து எழுதாதீர்கள்.

'கழிப்பறை இல்லை' என்று நிறையப் புகார் பார்த்தேன். உண்மையா?

உண்மை. 20 இருக்கைகளுக்குக் குறைவான கடை வாடிக்கையாளருக்குக் கழிப்பறை வைக்க வேண்டிய கட்டாயமில்லை. நாலு ஸ்டூல் கடையில் எதிர்பார்க்காதீர்கள். சாப்பிடுவதற்கு முன்பே பக்கத்தில் நூலகம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.